நொய் மூட்டைக்குள் ஒரு கையகலக் கணினி

1. ஒரு பெரிய இயந்திரத்தைச் சரிசெய்ய, ஒரு சின்னஞ்சிறு கணினியோடு கோயம்புத்தூரிலிருந்து கல்முனைக்குப் போனேன்.
2. இரண்டு நாள் வேலை நன்றாக நடந்தது.
3. மூன்றாம் நாள் கணினி நெல் ஊறும் தொட்டிக்குள் விழுந்தது.
4. நான்காம் நாள் அது ஒரு மூட்டைக்குள் வைத்துத் தைக்கப்பட்டு, மாவு அரைக்கப் போய்விட்டது.
5. அன்று வெள்ளிக்கிழமை.

ஐந்தாவதற்கு ஏன் தனி எண் போட்டேன் என்பது கல்முனைப் பக்கம் போய் வந்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் அரிசி ஆலைகளுக்கு நிறம் பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. மேலிருந்து அரிசி கொட்டும். கேமரா ஒவ்வொரு மணியாகப் பார்க்கும். கெட்ட மணி வந்தால் ஒரு சின்னக் குழாய் காற்றை ஊதி அதை மட்டும் வெளியே தள்ளிவிடும். எது நல்ல மணி, எது கெட்டது என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் கல்முனையிலிருந்து உள்ளே, வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் சவளக்கடையில் ஒரு மில் எங்கள் இயந்திரத்தை வாங்கியிருந்தது. அது சொன்னபடி கேட்கவில்லை என்று புகார் வந்ததும் என்னை அனுப்பினார்கள்.

பெரிய மடிக்கணினியை வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டுவந்தேன். இயந்திரத்தின் இணைப்புப் பலகை ஏணி போட்டு ஏறும் உயரத்தில் இருக்கிறது. ஒரு கையில் ஏணியையும் மறு கையில் இரண்டு கிலோவையும் பிடித்துக்கொண்டு பல ஊர்களில் நின்றிருக்கிறேன். புதிதாக வாங்கிய இதற்கு ஏழு அங்குலத் திரை. மடித்தால் ஒரு தடித்த டைரி. என் மேலாளர் பார்த்துவிட்டு, மிச்சப் பாதி எங்கே என்று கேட்டார். நான் கைப்பேசியில் ஒரு பட்டியல் தொடங்கினேன். ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை. ஊர் திரும்பும்போது எந்தப் பக்கம் நீளம் என்று அவரிடம் காட்டுவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை. கல்முனை போகும் பேருந்தில் முன்னிருக்கைக்காரர் சாய்ந்து தூங்கிவிட்டார். பெரிய மடிக்கணினியாக இருந்தால் அதன் திரை என் மார்பில் வந்து மடங்கியிருக்கும். இதைத் திறந்து நிம்மதியாக வேலை பார்த்தேன். முதல் நன்மை. பக்கத்து இருக்கைப் பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"மகள், இது பாட்டுப் படிக்குமா?"

இல்லை என்றேன். அவருடைய பேத்தியிடம் இருப்பது ஆங்கில எழுத்தெல்லாம் பாடுமாம். எனக்காக அவர் வருத்தப்பட்டது முகத்தில் தெரிந்தது.

மில்லின் உரிமையாளர் பரீதாவுக்கு நாற்பது வயதிருக்கும். வாப்பாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, உடம்பு முடியாமல் போனதும் மில்லை ஏற்று நடத்துகிறார். லொறி ஓட்டுவது அவருடைய தம்பி நௌபர். கடலின் இரைச்சல் கேட்கும் கல்முனை வீட்டில் என்னைத் தங்கவைத்தார்கள். காலைச் சாப்பாடு இடியப்பம், சொதி, பொரித்த கீரிமீன். கோவையில் காலை ஏழு மணிக்கு மீன் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கும். இங்கே மீன் வேண்டாம் என்று சொன்னால்தான் பார்ப்பார்கள் போல. நான் இரண்டு தின்றேன்.

மில்லில் எனக்காக ஒரு பெரிய மேசை காத்திருந்தது. யாரிடமோ இரவல் வாங்கி, விரிப்புப் போட்டு, நீண்ட மின்கம்பியும் இழுத்துவைத்திருந்தார் பரீதா. நான் கைப்பையிலிருந்து கணினியை எடுத்து ஒரு ஓரத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், கூரையைத் தொடும் இயந்திரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, மத்தச் சாமானெல்லாம் பொறகு வருமா?"

இவ்வளவுதான் என்றேன். அவர் தேநீர் கொண்டுவரப் போனார். தீமைப் பக்கத்தில் எழுதினேன்: பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது.

பிரச்சினை என்னவென்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் இயந்திரம் பழகியது வெள்ளை அரிசியில். இந்தக் கடற்கரை ஊர்களில் வாங்குபவர்கள் தவிட்டின் சிவப்புக் கீற்று ஓடும் அரிசியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். இயந்திரமோ சிவப்பைக் கண்டால் கெட்டது என்று ஊதித் தள்ளியது. நல்ல அரிசி போகிறதே என்று நௌபர் அதன் கூர்மையைக் குறைத்துவைத்தார். அப்போது அறுவடை மழையில் நனைந்து கறுத்த மணிகளும் தப்பித்து உள்ளே வந்துவிட்டன. கல்முனைக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில் மூன்று கடைகள் அந்த அரிசியைத் திருப்பி அனுப்பியிருந்தன. சனிக்கிழமை காலையில் வரும் மூட்டையிலும் கறுப்பு இருந்தால் இனிமேல் பொலன்னறுவைப் பக்கத்து மில்களில் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்கள். பரீதா பொறுப்பேற்ற பிறகு வரும் முதல் அறுவடை இது. அந்த மூன்று கடைகளும் போனால் சவளக்கடை விவசாயிகளின் நெல்லை வாங்கி அவரால் எங்கே விற்க முடியும்?

புதன்கிழமை. நல்ல மணி எது என்பதை எனக்குக் காட்ட வந்தவர் புவனம் அக்கா. ஐம்பது வயது, கல்முனைத் தமிழ்ப் பெண். மில்லில் அரிசி புடைப்பதும் மூட்டை தைப்பதும் அவர் வேலை. சுளகில் அரிசியைப் பரப்பி, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனார். அந்த மணிகளை ஒவ்வொரு பிடியாக இயந்திரத்தில் விட்டு, படங்களைக் கணினியில் சேர்த்தேன். நூறு தடவையாவது செய்திருப்போம். இதற்கும் நான்தான் பாடம் எடுப்பதென்றால் சம்பளத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லுங்கள் என்று புவனம் அக்கா பரீதா பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பரீதா கேட்காததுபோல் இருந்தார்.

பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. மில் முழுக்க அமைதி. என் கணினி மட்டும் கைப்பேசிக்கு மின்னேற்றும் சின்னப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. சேர்த்த படங்களை வகைபிரிக்க அந்த ஒரு மணி நேரம் வசதியாகப் போயிற்று. பரீதா அப்போதுதான் முதல் முறையாக என் கணினியை மதிப்போடு பார்த்தார். மதியம் சோற்றுக்குப் பிறகு சட்டியோடு எருமைத்தயிர் வந்தது. கரண்டியால் வெட்டி எடுக்கவேண்டிய தயிர். அதன் மேல் கித்துள் பாணியை, கூந்தல்பனைப் பாகை, ஊற்றினார்கள். நன்மைப் பட்டியலில் தவறுதலாக அதையும் எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

அன்று மாலை நான் செய்த காரியத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கணினிக்கு ஒரே ஒரு துளை. மின்னேற்றவும் அதுதான், தகவலை வேறிடத்துக்குப் பிரதி எடுக்கவும் அதுதான். இரண்டையும் ஒன்றாகச் செய்ய ஒரு இணைப்பான் உண்டு. அது கோவையில், பெரிய மடிக்கணினியின் பைக்குள் பத்திரமாக இருந்தது. கணினியில் மின்னேற்றம் குறைந்திருந்ததால் ஏற்றப் போட்டுவிட்டுப் படுத்தேன். 'பிரதி எடுக்க' என்று நாளைக்கான பட்டியலில் எழுதினேன். எழுதியதும், வேலையே முடிந்துவிட்டதுபோல நன்றாகத் தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை. கணினியை இயந்திரத்தோடு இணைத்து ஓட்டினோம். சிவப்பு தங்கியது, கறுப்பு பறந்தது. நௌபர் ஒரு கைப்பிடி அரிசியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, வாப்பாவுக்குக் காட்ட ஒரு பையில் கொஞ்சம் போட்டுக்கொண்டார். கணினியைக் கழற்றினாலும் வேலை செய்யும்படி எல்லாவற்றையும் இயந்திரத்துக்குள் நிரந்தரமாக ஏற்றவேண்டும். அதற்கு இயந்திரத்தை இரண்டு மணி நேரம் நிறுத்தவேண்டும். நெல் வந்துகொண்டிருந்ததால் வெள்ளி காலையில் செய்வோம் என்றேன். கணினியை மடித்து குர்தாப் பையில் போட்டேன்.

குர்தாவுக்குப் பை வைத்துத் தைத்துத் தந்த எங்கள் ஊர்த் தையல்காரரை எத்தனையோ முறை பாராட்டியிருக்கிறேன். புழுங்கலுக்கு நெல்லை ஊறவைக்கும் சிமெந்துத் தொட்டியைக் குனிந்து எட்டிப்பார்த்தபோது, அந்தப் பையிலிருந்து கணினி வழுக்கி உள்ளே போனது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு தவளை குதித்ததுபோல.

புவனம் அக்கா தோள்வரை கையை விட்டு எடுத்துத் தந்தார். உடனே அணைத்தேன், பின்மூடியைக் கழற்றினேன், துடைத்தேன். இரண்டு நாள் தொடக்கூடாது, விசிறிக்குக் கீழே திறந்தபடி கிடக்கவேண்டும் என்றேன். பரீதா உடனே அரிசி வைத்தியம் சொன்னார். நனைந்த கைப்பேசியை அரிசிக்குள் வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்பது ஊரெல்லாம் சொல்வதுதான்; அரிசி மில்லில் அது வேதவாக்காகவே ஆகிவிட்டிருக்கிறது. காற்றுதான் நல்லது, அரிசியால் பெரிய பயன் இல்லை என்று பக்குவமாகச் சொன்னேன். அரிசியே தொழிலாக இருக்கும் வீட்டில் அப்படிச் சொன்னது எனக்கே அவ்வளவு நன்றாகப்படவில்லை. பரீதா தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை. மில்லின் தூசி புகாமல் பின்மூடியை மட்டும் போட்டு, கணினியை அலுவலகத்தில் அந்தப் பெரிய மேசையில், விசிறிக்கு நேர்கீழே வைத்தேன். மேலே ஏறி கேமராக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மறுபடி மின்சாரம் நின்றது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி வந்து பார்த்தால் மேசை காலி.

பரீதா சிரித்துக்கொண்டே வந்தார்.

"விசிறி நிண்டு போச்சு தங்கச்சி. ஈரத்தோட கிடக்குமே எண்டு குறுணலுக்குள்ள வெச்ச. சும்மா இல்ல, என்ட வெள்ளச் சால்வையில சுத்தித்தான் வெச்ச."

குறுணல் என்பது எங்கள் ஊர் நொய், உடைந்த அரிசி. முழு அரிசியைவிடப் பொடியாக இருப்பதால் நன்றாக ஒட்டி ஈரத்தை இழுக்கும் என்பது அவர் கணக்கு. மூட்டையின் வாயைத் திறந்தே வைத்திருந்தாராம், எனக்குக் காட்ட. காட்டக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூட்டை இல்லை. பன்னிரண்டு மூட்டை இருந்த இடத்தில் தரைதான் இருந்தது.

கை கழுவிக்கொண்டிருந்த புவனம் அக்கா திரும்பினார். திறந்த வாயோடு ஒரு மூட்டை கிடந்தால் அவர் கை சும்மா இருக்காது, தைத்துவிட்டார். நௌபர் பன்னிரண்டையும் லொறியில் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு மாவு மில்லுக்குப் போய்விட்டார். இடியப்ப மாவுக்காக. போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

நௌபரின் கைப்பேசி அணைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்து ஜும்ஆத் தொழுகை நேரம். மாவு மில்லுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்டோ ஒன்றுகூட இல்லை. ஓட்டுபவர்கள் எல்லோரும் பள்ளிவாசலில். பரீதா வாயில் கை வைத்தபடி நின்றார். முகம் அரிசி மாவு நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஏறுங்க மகள்," என்றார் புவனம் அக்கா, தன் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே. "ஜும்ஆ எங்களுக்கு இல்லையே."

முன்தினம் மழை பெய்திருந்ததால் கிட்டங்கிப் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஸ்கூட்டர் இருமி நின்றது. பெட்ரோல் இல்லை. வண்டி சின்னது, அதனால் டாங்கும் சின்னது, இறங்கித் தள்ளவும் சுலபம் என்று புவனம் அக்கா அதன் பெருமைகளைச் சொன்னார். என் பட்டியலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பிரதான வீதி வரை தள்ளிக்கொண்டுபோய் ஒரு மருந்துக்கடை வாசலில் விட்டுவிட்டு, அக்கரைப்பற்று போகும் பேருந்தை மறித்தோம். சாய்ந்தமருது நெருங்கும்போது தொழுகை முடிந்துவிட்டது. வீதி முழுக்க வெள்ளைச் சட்டைகள், சைக்கிள்கள், ஒரே நேரத்தில் கிளம்பும் மோட்டார் சைக்கிள்கள். பேருந்து நகரவில்லை. இறங்கி ஓடினோம்.

மாவு மில் நடத்துபவர் ஆதம்பாவா காக்கா; அங்கே காக்கா என்றால் அண்ணன். எழுபது வயதிருக்கும். கதவைத் திறந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் வேலை தொடங்கியிருந்தார். இரண்டு மூட்டைக் குறுணல் கழுவும் தொட்டிக்குள் கிடந்தது. தண்ணீர் இன்னும் விடவில்லை. நான் கையை விட்டு அளைந்தேன். அதில் இல்லை. மிச்சம் பத்து மூட்டை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், எது என்று பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் மூட்டைக்குள் குத்தி அரிசி எடுக்கும் கூரான இரும்புக் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். எந்த மூட்டை வந்தாலும் முதலில் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்.

"குத்தாதீங்க," என்றேன். நான் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

அவர் குழாயை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்:

"புள்ள, அதக் கொஞ்சம் பெரிசா வாங்கி இருந்தா மூட்டைக்குள்ள போயிரிக்குமா?"

பாய் விரித்து ஒவ்வொரு மூட்டையாகத் தையலைப் பிரித்துக் கொட்டினோம். புவனம் அக்காதான் பிரித்தார். தான் தைத்ததைத் தானே பிரிப்பது இதுதான் முதல் தடவை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஏழாவது மூட்டையில் வெள்ளைச் சால்வையின் ஓரம் தெரிந்தது. கணினி முழுசாக இருந்தது. அதன் ஒரே துளைக்குள் மட்டும் ஒரு நொய்த் துண்டு போய் இறுகியிருந்தது.

காக்கா எங்களுக்குப் பிளேன்ரீயும், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் தந்தார். சீனியை நக்கிக்கொண்டு தேநீரைக் குடிக்கவேண்டும். கோவையில் பால் இல்லாத தேநீர் காய்ச்சல் வந்தவர்களுக்கு. அன்று நான் மூன்று கோப்பை குடித்தேன்.

மாலையில் வீட்டில் பரீதா சாப்பிடவில்லை. கணினி விசிறிக்குக் கீழே கிடந்தது. காலையில்தான் திறந்துபார்க்க முடியும். அது உயிர் பெறாவிட்டால் கடைக்காரர்களிடம் தானே போய், தன் கையால்தான் கெட்டது என்று சொல்லப்போவதாகச் சொன்னார். தைத்தது நான் என்று, எங்களோடு வந்திருந்த புவனம் அக்கா அவரோடு போட்டி போட்டார். இயந்திரத்தின் மூல நிரல் கோவையில் இருக்கிறது. புவனம் அக்காவும் நானும் சேர்த்த இந்த ஊர் மணிகள் மட்டும்தான் அந்தக் கணினிக்குள் இருக்கின்றன. புதன்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அவற்றுக்கு ஒரு பிரதி இருந்திருக்கும். அப்படி இருந்திருந்தால் அது தொட்டியில் விழுந்தாலும் மாவாகப் போனாலும் யாரும் ஓடியிருக்க வேண்டியதில்லை. அதைச் சொன்னேன். என் தவறுதான் முதல் தவறு என்றும் சொன்னேன்.

பரீதா என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"இத நீங்க மத்தியானமே சொல்லி இரிந்தா நான் சோறாவது திண்டிரிப்பனே," என்றார். பிறகு உள்ளே போய் மூன்று பேருக்கும் தட்டு எடுத்துவந்தார். மறுபடி மீன்.

சனிக்கிழமை. மில் திறப்பதற்கு முன்பே போய்விட்டோம். கணினியை அழுத்தினேன். ஒரு நொடி இருட்டு. பிறகு விளக்கு வந்தது. விசைப்பலகையின் மேல்வரிசை வேலை செய்யவில்லை. திரையிலேயே தொட்டு எழுதினேன். தகவல் எல்லாம் இருந்தது. ஆனால் துளை அடைபட்டிருந்ததால் இயந்திரத்தோடு இணைக்க முடியவில்லை. என் கருவிப் பையில் இருந்த எந்தத் திருப்புளியும் அதற்குள் போகவில்லை. பரீதா தன் முக்காட்டிலிருந்து ஒரு ஊசியை உருவித் தந்தார். வெளிச்சத்தில் பிடித்து, நௌபர் விளக்கு அடிக்க, புவனம் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, அந்த நொய்யை நாலு துண்டாக வெளியே எடுத்தேன்.

முதலில் பிரதி எடுத்தேன். அதன் பிறகுதான் இயந்திரத்துக்குள் ஏற்றினேன். பதினொரு மணிக்குக் கணினியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டினோம். புவனம் அக்கா வேண்டுமென்றே ஒரு கைப்பிடி கறுத்த மணிகளை மேலே கலந்துவிட்டார். பரீதா வெளியே வந்த அரிசியைச் சுளகில் பரப்பி உட்கார்ந்தார். ஒவ்வொரு மணியாகப் பார்த்தார். கடைசியில் சுளகை நௌபரிடம் நீட்டி, ஏற்று என்றார்.

லொறி மதியத்துக்கு மேல்தான் கிளம்பியது. காலையில் வரச் சொன்ன கடைகளுக்கு மாலையில் போய்ச் சேர்ந்தோம். பரீதாவும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். மூன்று கடைகளிலும் இறங்கி நின்று, கடைக்காரர்கள் அரிசியை உள்ளங்கையில் பரப்பி விரலால் தள்ளிப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

இன்றைய நிலவரம் இது. இரண்டு கடைகள் மூட்டைகளை இறக்கிக்கொண்டன. அடுத்த வாரத்துக்கும் கேட்டிருக்கின்றன. மூன்றாவது கடை பொலன்னறுவை அரிசிக்குச் சொல்லிவைத்துவிட்டது. அறுவடை முடியும் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பரீதா பொறுத்திருக்கிறார். இயந்திரம் ஓடுகிறது.